குளம் தூர்வார வரும் பணமும் குளத்துக்கு வரும் தண்ணீரும்

(தென்காசி வட்டார உழவர் கூட்டமொன்றில் மண்ணியல் பேராசிரியர் ஒருவர் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



தென்மேற்குப் பருவக்காற்று திரிகூட மலையில் மோதிச் சாரல் விழத் தொடங்கியதும், இந்தப் பக்கத்தில் இரண்டு கூட்டம் கிளம்புகிறது. ஒரு கூட்டம் துண்டும் எண்ணெய்ப் புட்டியுமாகக் குற்றாலத்துக்கு வருகிறது. மற்றொரு கூட்டம் மண்வெட்டியைத் தோளில் போட்டுக்கொண்டு கார் நாற்றங்காலுக்குப் போகிறது. இரண்டு கூட்டமும் நம்பியிருப்பது ஒரே தண்ணீரைத்தான். பேரருவியில் விழுந்த தண்ணீர் சிற்றாறாக ஓடித் தென்காசியைக் கடக்கிறது. தலையணை, பாவூர், மாறாந்தை, வீராணம், மானூர், கங்கைகொண்டான் முதலிய 17 அணைக்கட்டுகளில் பிரிந்து கால்கள் வழியாகக் குளங்களுக்குப் போகிறது. மிஞ்சியது சீவலப்பேரியில் தாமிரபரணியோடு கலக்கிறது. மொத்தம் ஏறத்தாழ 80 கிலோமீட்டர் தூரம்.

அடவிநயினார் 132 அடி, கருப்பாநதி 72 அடி, குண்டாறு 36 அடி என்று நாள்தோறும் செய்தித்தாளில் நீர்மட்டம் பார்க்கிறீர்கள். அவையெல்லாம் துணையாறுகளில் கட்டப்பட்டவை. சிற்றாற்றின் குறுக்கே தண்ணீரைத் தேக்கிவைக்கும் பெரிய அணை கிடையாது. ஆகவே சிற்றாற்றுப் பாசனத்தில் குளம்தான் அணை. குளம் கெட்டால் ஆயக்கட்டு கெட்டது என்று பொருள். இதை உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை.

நான் இன்று பேச வந்தது, இந்தக் குளங்களைச் சீர்செய்ய மாநில அரசு ஒதுக்கும் பணத்தைப் பற்றி. பணம் வருகிறதா, வரவில்லையா என்பது அரசியல் மேடைக்குரிய பேச்சு. வரும் பணம் உங்கள் வயலுக்கு வரும் தண்ணீரைச் சுத்தமாக்குகிறதா என்பதே என் கேள்வி. மண்ணையும் தண்ணீரையும் சோதித்துப் பார்ப்பவன் என்ற முறையில் இதைக் கேட்கிறேன்.

வந்த பணம்

குடிமராமத்து என்பது நமக்குப் புதிய சொல்லன்று. ஊர் கூடிக் குளத்தை வெட்டுவதும், காலைச் செதுக்குவதும், கரையைக் கட்டுவதும் நம் பாட்டனார் காலத்து வழக்கம். வெள்ளைக்காரர் ஆட்சியில் 1858-ஆம் ஆண்டில் அதற்கென்று ஒரு சட்டமே போட்டார்கள். வேலைக்கு வராத குடியானவரிடம் கூலியைப்போல் இரண்டு மடங்கு தொகையை வசூலிக்கலாம் என்று அதில் இருந்தது. வழக்கமாக இருந்தது கட்டாயமானதும் ஊர்க்காரர்கள் ஒதுங்கிக்கொண்டார்கள் என்பது என் எண்ணம். குளத்தைச் சர்க்கார் பார்த்துக்கொள்ளும் என்ற நினைப்பு அப்போதே வேர்விட்டது.

அந்தப் பழைய பெயரில் தமிழக அரசு 2017-ஆம் ஆண்டு மார்ச் மாதம் ஒரு திட்டத்தைத் தொடங்கியது. முதல் சுற்றில் 100 கோடி ரூபாயில் 1,519 பணிகள். கணக்குப் பார்த்தால் ஒரு பணிக்குச் சராசரியாக ஆறரை லட்சம் ரூபாய். 2019-20-ஆம் ஆண்டில் 499.68 கோடி ரூபாயில் 1,829 பணிகள் எடுத்துக்கொள்ளப்பட்டன. அப்போது சராசரி 27 லட்சத்தைத் தாண்டியது. வேலையை ஆயக்கட்டுதாரர் சங்கமே எடுத்துச் செய்யலாம், மதிப்பீட்டில் பத்தில் ஒரு பங்கை விவசாயிகள் பணமாகவோ, பொருளாகவோ, உடலுழைப்பாகவோ தர வேண்டும் என்பது ஏற்பாடு. 2020-21 வரை இத்திட்டம் நடந்தது.

இது தவிர, உலக வங்கிக் கடனும் மாநில அரசின் பங்கும் சேர்ந்து 2,962 கோடி ரூபாய் மதிப்பில் நீர்ப்பாசன வேளாண்மை நவீனமயமாக்கல் திட்டம் 2017-இல் தொடங்கப்பட்டது. 66 உபவடிநிலங்களில் 4,778 குளங்களையும் 477 அணைக்கட்டுகளையும் சீரமைப்பது அதன் இலக்கு. 2024-25-ஆம் ஆண்டு நிதிநிலை அறிக்கையில் ஊரகப் பகுதிகளில் 5,000 நீர்நிலைகளைப் புதுப்பிக்க 500 கோடி ரூபாய் அறிவிக்கப்பட்டது. ஐந்தாண்டுகளில் 100 ஈரநிலங்களை மீட்டெடுக்க 115.15 கோடி ரூபாயில் ஈரநில இயக்கம் ஒன்றும் அமைக்கப்பட்டது. ஆகவே பணமே வரவில்லை என்று யாரும் சொல்ல முடியாது.

வந்த பணத்தில் என்ன நடந்தது? கரை உயர்ந்தது. மடைக்குப் புதுக் கதவு போட்டார்கள். கலுங்கு பூசப்பட்டது. சீமைக்கருவேலம் எடுக்கப்பட்டது. பல ஊர்களில் இவை நன்றாகவே நடந்துள்ளன, குறை சொல்வதற்கில்லை. ஆனால் இந்த வேலைகள் எல்லாவற்றுக்கும் ஒரு பொதுத்தன்மை உண்டு. அவை கண்ணால் பார்க்கவும், நாடா பிடித்து அளக்கவும், எம்.புக்கில் எழுதவும் வசதியானவை. தண்ணீரின் தரத்தை நாடாவால் அளக்க முடியாது. அதனால் மதிப்பீட்டில் அதற்கு ஒரு வரி கூட இருப்பதில்லை.

ஒரு பாட்டில் தண்ணீர்

சில ஆண்டுகளுக்கு முன் சிற்றாற்றுப் பாசனத்திலிருந்து ஒரு பெரியவர் என்னிடம் தண்ணீர் கொண்டுவந்தார். முதல் தடவை அவர் கொண்டுவந்தது பூச்சிமருந்துப் புட்டியில். "அண்ணாச்சி, இதைச் சோதித்தால் மருந்தின் தரம்தான் தெரியும்" என்று சொல்லித் திருப்பி அனுப்பினேன். சிரித்துக்கொண்டே போனவர் அடுத்த வாரமே நல்ல பாட்டிலில் கொண்டுவந்தார்.

சோதித்துப் பார்த்தோம். கார அமில நிலை 7.4. மின்கடத்தும் திறன் 0.6 டெசி சைமன். இரண்டும் நல்ல அளவுகள். 'பாசனத்துக்கு ஏற்ற நீர்' என்று எழுதிக் கையெழுத்திட்டுக் கொடுத்தேன். அவர் சீட்டை வாங்கிப் படித்தார். பிறகு பாட்டில் மூடியைத் திறந்து என் மூக்குக்கு அருகே நீட்டினார்.

"சார், நீங்க நல்ல தண்ணின்னு எழுதியிருக்கீங்க. இதுல இறங்கினா முழங்காலுக்குக் கீழே ராத்திரி பூரா அரிக்குது. குளத்தைப் போன வருசந்தான் தூர்வாரினாங்க. மண்ணு போச்சு, நாத்தம் போகலை."

அந்தச் சீட்டில் நான் எழுதிய எண் ஒன்றும் பொய்யில்லை. ஆனாலும் அவருடைய மூக்கு சொன்னதை என் சோதனை சொல்லவில்லை. காரணத்தை விளக்குகிறேன்.

நம் வேளாண்மைச் சோதனைக் கூடங்கள் பாசன நீரில் முக்கியமாக உப்பைத்தான் பார்க்கின்றன. மின்கடத்தும் திறன் 0.75-க்குள் இருந்தால் பெரும்பாலான பயிருக்கும் அச்சமில்லை. 0.75 முதல் 2.25 வரை இருந்தால் வடிகால் வசதி பார்த்து, உப்பைத் தாங்கும் பயிரைத் தேர்ந்தெடுக்க வேண்டும். எஞ்சிய சோடியம் கார்பனேட் 1.25-க்குள் இருந்தால் நல்லது. 2.5-க்கு மேல் போனால் அந்த நீரை அப்படியே பாய்ச்சக்கூடாது, ஜிப்சம் இட்டுச் சரிசெய்ய வேண்டும். ஆலங்குளம், சுரண்டைப் பக்கத்துக் கிணற்றுப் பாசனக்காரர்களுக்கு இந்தச் சோதனை மிகவும் பயன்படும்.

மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் ஆற்று நீரை ஐந்து வகுப்புகளாகப் பிரித்திருக்கிறது. குளிப்பதற்கான நீர் என்றால் பி.ஓ.டி. எனப்படும் உயிர்வேதி ஆக்சிஜன் தேவை லிட்டருக்கு 3 மில்லிகிராமுக்குள் இருக்க வேண்டும், மலக்கிருமியின் எண்ணிக்கைக்கும் வரம்பு உண்டு. பாசனத்துக்கான நீர் கடைசி வகுப்பு. அதற்குக் கார அமில நிலை, மின்கடத்தும் திறன், சோடியம் விகிதம், போரான் ஆகிய நான்கு மட்டுமே. பி.ஓ.டி.யும் இல்லை, கிருமியும் இல்லை. பயிருக்கு மூக்கும் தோலும் இல்லை என்பதால் இப்படி வகுத்தார்கள் போலும். அந்தத் தண்ணீரில் காலை முதல் மாலை வரை நின்று நடவு நடும் பெண்ணின் கால்களை யாரும் நினைத்துப் பார்க்கவில்லை. ஆகவே 'பாசனத்துக்கு ஏற்றது' என்று சீட்டு வந்தால், உப்புக் குற்றம் இல்லை என்று மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். சாக்கடை கலக்கவில்லை என்று அதற்குப் பொருளில்லை.

பி.ஓ.டி. என்றால் என்ன? தண்ணீரில் உள்ள அழுக்கைக் கிருமிகள் தின்று செரிக்கும்போது தண்ணீரில் கரைந்திருக்கும் ஆக்சிஜனை எடுத்துக்கொள்கின்றன. அழுக்கு அதிகமானால் ஆக்சிஜன் தீர்ந்துபோகும். மீன் மேலே வந்து வாயைத் திறக்கும், தண்ணீர் கறுக்கும், அழுகிய முட்டை வாடை வரும். தாமிரபரணியில் பாப்பான்குளத்திலிருந்து ஆறுமுகநேரி வரையுள்ள பகுதியை, மாசடைந்த ஆற்றுப் பகுதிகளின் பட்டியலில் வாரியம் 2018-இல் சேர்த்தது. சிற்றாறு கலப்பது அந்தத் தாமிரபரணியில்தான்.

அருவியில் தேய்க்கும் சோப்பு

குற்றாலத்தில் சோப்பும் ஷாம்பும் எண்ணெயும் தேய்த்துக் குளிப்பதால்தான் சிற்றாறு கெட்டது என்று பலரும் சொல்வார்கள். உயர்நீதிமன்ற மதுரைக் கிளை 2014-ஐ ஒட்டி அதற்குத் தடையும் விதித்தது. தடை தேவைதான். ஆனால் கணக்கைச் சரியாகப் போட வேண்டும். அருவி ஆர்ப்பரித்துக் கொட்டும் ஆடி மாதத்தில் அத்தனை தண்ணீரில் அந்தச் சோப்பு கரைந்து ஓடிவிடும். பாறையில் வழுக்கும் எண்ணெய் குளிப்பவருக்கு ஆபத்து, வயலுக்கு அதனால் பெரிய கேடில்லை. அங்கே வீசப்படும் பிளாஸ்டிக் பைகளும் ஷாம்புத் தாள்களும் மடையில் வந்து அடைப்பது வேறு தொல்லை.

உண்மையான கேடு சாரல் முடிந்த பிறகு வருகிறது. மாசி, பங்குனி, சித்திரையில் ஆற்றில் ஊற்றுக்கண் அளவுதான் தண்ணீர் இருக்கும். விடுதிகள், உணவகங்கள், ஊர்ச் சாக்கடைகள் ஆகியவற்றின் கழிவு மட்டும் பன்னிரண்டு மாதமும் குறையாமல் வரும். ஆற்று நீர் குறையக் குறையச் சாக்கடையின் பங்கு கூடுகிறது. முதல் மழை வந்ததும் இந்த மூன்று மாத அழுக்கும் திரண்டு கால் வழியாகக் குளத்தில் இறங்குகிறது. கார் நாற்றங்காலுக்கு நீங்கள் முதலில் பாய்ச்சுவது அந்தத் தண்ணீரைத்தான்.

இதில் பயிருக்கு ஒரு கணக்கு இருக்கிறது. வீட்டுச் சாக்கடையில் லிட்டருக்கு 30 மில்லிகிராமும் அதற்கு மேலும் தழைச்சத்து இருக்கும். ஒரு பங்கு சாக்கடைக்கு நான்கு பங்கு நல்ல தண்ணீர் கலந்து வருகிறது என்று வைத்துக்கொள்வோம். லிட்டருக்கு 6 மில்லிகிராம் ஆகிறது. ஓர் ஏக்கரில் 5 சென்டிமீட்டர் உயரம் தண்ணீர் கட்டினால் அது ஏறத்தாழ 2 லட்சம் லிட்டர். அதில் 1.2 கிலோ தழைச்சத்து வந்துசேரும். பயிர்க்காலத்தில் 15 தடவை பாய்ச்சினால் 18 கிலோ. யூரியாவாகச் சொன்னால் 40 கிலோ, மூட்டைக்குச் சற்றுக் குறைவு. அம்பை 16 போன்ற குறுகிய கால ரகத்துக்கு எக்டருக்கு 120 கிலோ, அதாவது ஏக்கருக்கு 48 கிலோ தழைச்சத்து பரிந்துரை. இதற்கு வேண்டிய யூரியா நூறு கிலோவுக்குச் சற்று மேல்.

இலவசமாக யூரியா வருகிறதே, நல்லதுதானே என்று கேட்பீர்கள். பயிருக்கு எப்போது வேண்டுமோ அப்போது வந்தால் நல்லது. இது கேட்காமலே வரும், நிறுத்தவும் முடியாது. கதிர் வந்த பிறகும் இலை கரும்பச்சையாக நிற்கும். முதிர்ச்சி தள்ளிப்போகும், தண்டு வலுவிழந்து பயிர் சாயும். குலைநோயும் புகையானும் இலையுறை அழுகலும் தேடிவரும். பக்கத்து வயல்காரர் இட்ட அளவே யூரியா இட்டும் என் வயல் மட்டும் சாய்கிறதே என்று மேல்மடைக்காரர் சிலர் கேட்பதுண்டு. மடைத் தண்ணீரைப் பாருங்கள் என்பதே என் பதில்.

இப்படிப்பட்ட குளத்தின் கீழ்ப் பயிரிடுவோர் இலை வண்ண அட்டையைக் கட்டாயம் பயன்படுத்த வேண்டும். நட்ட 14-ஆம் நாளிலிருந்து கதிர் வெளிவரும் வரை வாரம் ஒருமுறை, வெயில் நேரடியாகப் படாமல் உடம்பால் நிழல் கொடுத்து, பத்து இலைகளைப் பாருங்கள். பெரும்பாலான இலைகளின் நிறம் நான்காம் எண்ணுக்குக் கீழே இருந்தால் மட்டும் மேலுரம் இடுங்கள். அட்டை வேண்டாம் என்று சொல்லும் வாரத்தில் யூரியா மூட்டையைப் பிரிக்காதீர்கள். செலவும் மிச்சம், மருந்தும் மிச்சம்.

பாவூர்சத்திரம் சந்தைக்குக் காய்கறி அனுப்புவோருக்குத் தனியாக ஒரு சொல். பச்சையாகத் தின்னும் வெள்ளரி, தக்காளி, கொத்தமல்லி ஆகியவற்றின் மேல் படும்படி இந்தத் தண்ணீரைத் தெளிக்கவோ ஊற்றவோ கூடாது. சாலில் பாய்ச்சுங்கள், பறிப்பதற்குச் சில நாள் முன்பே பாய்ச்சலை நிறுத்துங்கள், கழுவுவதற்குக் கிணற்று நீரை எடுங்கள்.

இரண்டு பணம், இரண்டு அலுவலகம்

தூர்வாரிய குளத்தில் ஏன் நாற்றம் போகவில்லை? பெரியவர் கேட்ட கேள்விக்கு இப்போது வருகிறேன்.

குளம் ஒரு துறையின் பொறுப்பு, அந்தக் குளத்தில் விழும் சாக்கடை மற்றொரு துறையின் பொறுப்பு. 100 ஏக்கரும் அதற்கு மேலும் ஆயக்கட்டு உள்ள குளம் என்றால் நீர்வளத்துறை. அதற்குக் குறைந்தால் ஊராட்சி ஒன்றியம். சாக்கடையோ கிராமத்தில் ஊராட்சியையும், குற்றாலம், மேலகரம் போன்ற இடங்களில் பேரூராட்சியையும், தென்காசியில் நகராட்சியையும் சேர்ந்தது. குளத்துக்கு வரும் பணத்தில் சாக்கடையைத் தொடக்கூடாது. சாக்கடைக்கு வரும் பணத்தில் குளத்தைத் தொடக்கூடாது. ஒரு பொறியாளர் கரையைக் கட்டி முடித்த இடத்திலேயே, வேறு அலுவலகத்துப் பொறியாளர் புதிய சிமெண்டு வாறுகாலைக் கொண்டுவந்து குளத்துக்குள் விட்டுப் போகிறார். இருவர் மீதும் தணிக்கையில் குற்றம் இருக்காது. இருவரும் ஒதுக்கிய பணத்தை ஒழுங்காகச் செலவழித்தவர்களே.

சாக்கடைக்குப் பணம் இல்லாமலும் இல்லை. பதினைந்தாவது நிதிக்குழு 2021 முதல் 2026 வரையிலான ஆண்டுகளுக்கு ஊரக உள்ளாட்சிகளுக்குப் பரிந்துரைத்த மானியத்தில் 60 சதவீதத்தைத் தண்ணீருக்கும் துப்புரவுக்கும் என்றே கட்டிவைத்தது. அதில் பாதி துப்புரவுக்கு. உறிஞ்சுகுழி வெட்டுவதும், கழிவுநீரைத் தேக்கித் தெளியவைத்து விடுவதும் அதில் செய்யத்தக்க வேலைகள். எத்தனை ஊரில் குளத்து வாயில் அப்படி ஒன்று கட்டினார்கள் என்று நீங்களே எண்ணிப் பாருங்கள்.

வாறுகால் குளத்தில் சேரும் இடத்தில் செய்ய வேண்டிய வேலை பெரிய தொழில்நுட்பமன்று. முதலில் குப்பையைத் தடுக்க ஒரு கம்பிச் சல்லடை. அடுத்து, வண்டல் படியும் ஒரு தொட்டி. அதற்கடுத்து நீளமான ஆழமில்லாத படுகை வெட்டி, ஜல்லி பரப்பி, கல்வாழையும் சம்பங்கோரையும் நட்டு, அதன் வழியாகத் தண்ணீரை மெதுவாக நடத்த வேண்டும். வேர்களைப் பற்றியிருக்கும் கிருமிகள் அழுக்கைத் தின்னும், செடி தழைச்சத்தையும் மணிச்சத்தையும் எடுத்துக்கொள்ளும். வளர்ந்த செடியை அவ்வப்போது அறுத்து வெளியே போட வேண்டும். அறுக்காவிட்டால் அது அங்கேயே மக்கி, எடுத்த சத்தைத் தண்ணீருக்கே திருப்பிக் கொடுத்துவிடும். பல இடங்களில் இந்தப் படுகைகள் வீணானது இந்த ஒரு வேலையை யாரும் செய்யாததால்தான். பராமரிப்புக்கு ஆள் இல்லையென்றால் கட்டவே வேண்டாம் என்பேன்.

ஆகாயத்தாமரையைப் பற்றியும் சொல்ல வேண்டும். ஆண்டுதோறும் இயந்திரம் வைத்து அள்ளுகிறார்கள், மறு ஆண்டு குளம் மீண்டும் மூடிக்கொள்கிறது. அதற்குச் சாப்பாடு போடுவது சாக்கடையில் வரும் தழைச்சத்தும், சலவைத்தூள் கழிவில் வரும் மணிச்சத்தும். சாக்கடை நிற்காமல் அள்ளும் கூலி நிற்காது.

நாமும் ஒன்றும் குற்றமற்றவர்கள் அல்லர். தெளிப்பானைக் காலிலேயே கழுவுகிறோம், மருந்துப் புட்டியைக் காலிலேயே எறிகிறோம். புட்டியை மும்முறை அலசி, அலசிய நீரைத் தெளிப்பானிலேயே ஊற்றினால் மருந்தும் வீணாகாது, கீழ்மடைக்காரரின் மீனும் சாகாது.

எங்கே போய்க் கேட்பது

இந்த இரண்டு பணமும் சந்திக்கும் இடம் எனக்குத் தெரிந்து ஒன்றுதான் உண்டு. மாவட்ட ஆட்சியர் மாதந்தோறும் நடத்தும் விவசாயிகள் குறைதீர்க்கும் நாள் கூட்டம். 2019 நவம்பர் 22-இல் தென்காசி தனி மாவட்டம் ஆனதிலிருந்து இதற்காகத் திருநெல்வேலிக்குப் பேருந்து ஏற வேண்டிய வேலையும் இல்லை. நீர்வளத்துறைப் பொறியாளரும் உள்ளாட்சி அதிகாரிகளும் ஒரே மண்டபத்தில் உட்கார்ந்திருப்பார்கள். பயிர்க்கடன், உரத் தட்டுப்பாடு, காட்டுப்பன்றி என்று அங்கே பேசுகிறோம். "எங்கள் குளத்தில் இத்தனை இடத்தில் சாக்கடை விழுகிறது, ஒவ்வொன்றும் யாருடையது" என்று எழுதிக்கொடுத்துக் கேட்டவர்கள் குறைவு. மனுவில் ஒரு கைவரைபடம் இருக்கட்டும். வரத்துக்கால், மடை, கலுங்கு, சாக்கடை விழும் இடம் ஆகியவற்றைக் குறித்துக் கொடுங்கள். வரைபடத்தோடு வரும் மனுவைத் தட்டிக்கழிப்பது எளிதன்று.

கிராமசபைக் கூட்டம் ஆண்டுக்கு ஆறு முறை நடக்கிறது. அவற்றுள் மார்ச் 22 உலகத் தண்ணீர் தினம். சாக்கடைப் படுகைக்கான தீர்மானத்தை அன்று கொண்டுவாருங்கள். தீர்மானப் புத்தகத்தில் ஏறாத வேலைக்குப் பணம் ஒதுக்குவது கடினம்.

குளத்து வேலைக்குப் பணம் வந்தால், வேலை தொடங்கும் முன்பே மதிப்பீட்டின் நகலைக் கேளுங்கள். கொடுக்க மறுத்தால் தகவல் பெறும் உரிமைச் சட்டம் 2005 இருக்கிறது. பாசன அமைப்புகளை விவசாயிகளே மேலாண்மை செய்ய 2000-ஆம் ஆண்டுச் சட்டமும், குளத்து ஆக்கிரமிப்பை அகற்ற 2007-ஆம் ஆண்டுச் சட்டமும் இருக்கின்றன. மதிப்பீட்டில் முதலில் பார்க்க வேண்டியது வரத்துக்கால். அணைக்கட்டிலிருந்து குளம் வரையுள்ள கால் முழுவதும் சேர்ந்திருக்கிறதா, அல்லது குளத்தை ஒட்டிய கொஞ்ச தூரம் மட்டுமா? கால் அடைந்திருந்தால், தூர்வாரிய குளத்துக்கு ஆற்று நீர் வராது. பக்கத்துச் சாக்கடை மட்டும் தவறாமல் வரும். ஆழமாக வெட்டிய குளத்தில் சாக்கடை மட்டும் தேங்கினால் முன்னிருந்ததைவிட நிலைமை மோசம். கடைமடையிலுள்ள மானூர்ப் பகுதிக் குளங்களுக்கு வரத்துக்காலே உயிர் என்பதை அந்தப் பக்கத்து விவசாயிகள் நன்றாக அறிவார்கள்.

கேட்டால் நடக்குமா என்று சந்தேகப்படுவோருக்குக் குற்றாலத்திலேயே சான்று உண்டு. தனியார் விடுதிகள் சில தண்ணீரைத் திருப்பிச் செயற்கை அருவி அமைத்திருப்பதாக வழக்கு வந்து, உயர்நீதிமன்ற மதுரைக் கிளை 2022-இல் ஆய்வுக்கும் நடவடிக்கைக்கும் உத்தரவிட்டது. மனுப் போட ஓர் ஆள் இருந்தார், அதனால் அது நடந்தது.

வண்டலைப் பற்றி ஒரு வார்த்தை. குளத்து வண்டலை வயலுக்கு இலவசமாக எடுத்துக்கொள்ள அனுமதி உண்டு. நன்செய்க்கு ஏக்கருக்கு 75 கன மீட்டர், புன்செய்க்கு 90 கன மீட்டர் வரை. 2024 முதல் வட்டாட்சியரே அனுமதி தரலாம் என்று எளிதாக்கியிருக்கிறார்கள். 75 கன மீட்டரை ஓர் ஏக்கரில் பரப்பினால் 2 சென்டிமீட்டருக்குச் சற்றுக் குறைந்த கனம் வரும். டிராக்டர் டிப்பர் 3 கன மீட்டர் பிடித்தால் 25 நடை. மணற்பாங்கான புன்செய்க்கு அது அருமையான மருந்து. ஆனால் சாக்கடை விழும் மூலையிலிருந்து அள்ளாதீர்கள். அங்கே பிளாஸ்டிக்கும் கண்ணாடியும் சவர்க்கார உப்பும் சேர்ந்திருக்கும். குளத்தின் நடுவிலும் கரையோரத்திலும் தனித்தனியாக அரைக்கிலோ மண் எடுத்துச் சோதித்த பிறகு வண்டியைக் கட்டுங்கள்.

கடைசியாக, தண்ணீர் மாதிரி எடுக்கும் முறை. ஆண்டில் இரண்டு தடவை எடுங்கள்: கார் நாற்றங்காலுக்கு முதல் தண்ணீர் திறக்கும் அன்று ஒன்று, ஐப்பசியில் பிசான நடவுக்கு முன் ஒன்று. ஒரு லிட்டர் குடிநீர்ப் பாட்டில் போதும், மருந்துப் புட்டியும் மண்ணெண்ணெய்க் கேனும் ஆகாது. எடுக்கும் தண்ணீராலேயே மூன்று தடவை அலசுங்கள். மடை வாயில் ஒன்று, சாக்கடை விழும் இடத்துக்கு மேலே ஒன்று, கீழே ஒன்று என மூன்று பாட்டில் நிரப்புங்கள். கிணறு என்றால் மோட்டாரை அரைமணி நேரம் ஓடவிட்ட பிறகு பிடியுங்கள். உப்புச் சோதனைக்கு வேளாண்மைத் துறையின் சோதனைக் கூடத்துக்கு எடுத்துச் செல்லுங்கள். சாக்கடைக் கலப்பு தெரிய வேண்டுமானால் மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் மாவட்ட அலுவலகத்தில் எழுதிக்கொடுத்து, பி.ஓ.டி.யும் மலக்கிருமியும் பார்க்கச் சொல்லுங்கள். கிருமிச் சோதனைக்கு அவர்கள் தரும் பாட்டிலிலேயே எடுத்து, பனிக்கட்டியில் வைத்து, அன்றே சேர்க்க வேண்டும். பாட்டிலின் மேல் குளத்தின் பெயர், எடுத்த இடம், தேதி, நேரம் ஆகியவற்றைப் பென்சிலால் எழுதி ஒட்டுங்கள். பேனா மை நனைந்தால் அழிந்துவிடும்.